அடிவாரத்தில் ஒரு குழாய்

கேமரன் மலையின் கியா பார்மில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குச் சற்று முன்பே கொதித்துவிடும். பாடப் புத்தகத்து 100 டிகிரி இங்கே செல்லாது. பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பாதைக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்குள்ள சந்தையில் சோளம் அவிக்கிற கடைக்காரர் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானைத் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும். மலையடிவாரத்துத் தாப்பாவில் வாங்கிய முறுக்கு பாக்கெட், மேலே வந்து காரை விட்டு இறங்கும்போது விறைத்து உப்பியிருக்கும். வழியில் ரிங்லெட் பக்கம் காது ஒருமுறையாவது அடைத்துத் திறந்திருக்கும்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றுக்கு எடை உண்டு. கடலோரத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. கியா பார்முக்கு ஏறியதும் அந்தக் காற்றில் ஆறில் ஒரு பங்கு நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. தண்ணீருக்குள் உண்டாகும் ஆவிக்குமிழி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து நின்றால்தான் கொதிப்பு. அழுத்தம் குறைவு என்றால் குமிழிக்கு வேலை சுலபம். குறைந்த சூட்டிலேயே எழும்பிவிடுகிறது.

இதைச் சொல்ல இன்று நாலு வரி போதும். ஆனால், இதைக் கண்டுபிடித்து, யாரும் மறுக்க முடியாதபடி நிலைநிறுத்த, ஐரோப்பாவின் கூர்மையான மூளைகளுக்கு 1630 முதல் 1648 வரை பிடித்தது. நவீன அறிவியல் எப்போது பிறந்தது என்று கேட்டால் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்த 1543 என்பார்கள் சிலர். நியூட்டனின் நூல் வந்த 1687 என்பார்கள் வேறு சிலர். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெய்ரோவில் இப்னு அல் ஹைதம் ஒளியை வைத்து முறையான சோதனைகள் செய்திருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. பிறந்தநாள் குறிப்பது சும்மா ஒரு விளையாட்டுத்தான். அந்த விளையாட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டால் நான் சொல்லும் தேதி 1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. இடம், ஒரு மலையும் அதன் அடிவாரமும். மலையைவிட அடிவாரம் முக்கியம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

கதை ஒரு மேட்டில் தொடங்குகிறது. ஜெனோவாவில் ஜியோவானி பாட்டிஸ்டா பலியானி என்பவர், இருபது மீட்டருக்குச் சற்றே உயரமான ஒரு மேட்டைத் தாண்டித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுபோகப் பார்த்தார். குழாயை நிரப்பி இரு முனையையும் திறந்தால் தண்ணீர் தொடர்ந்து ஓட வேண்டும். ஓடவில்லை. இரண்டு பக்கமும் சரிந்து, ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. 1630இல் அவர் கலிலியோவுக்குக் கடிதம் எழுதினார். கலிலியோ சொன்ன பதில்: மேலிருந்து தொங்கும் கயிறு அளவுக்கு மீறி நீண்டால் தன் பாரத்தாலேயே அறுந்துபோகும், தண்ணீர்த் தூணும் அப்படித்தான் அறுகிறது. பலியானிக்குத் திருப்தி இல்லை. காற்றின் பாரம்தான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறதோ என்று திருப்பி எழுதினார். அவர் நினைத்ததுதான் சரி. கலிலியோ தாமே காற்றுக்கு எடை உண்டு என்று நிறுத்துப் பார்த்தவர்; ஆனாலும் 1638இல் வெளிவந்த தம் கடைசி நூலிலும் அதே பழைய விளக்கத்தைத்தான் வைத்திருந்தார். மேதைகளுக்கும் பிடிவாதம் உண்டு.

அந்தக் காலத்துப் பொதுக்கருத்து அரிஸ்டாட்டில் வழி வந்தது: இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது. பம்பின் தண்டை இழுத்தால் தண்ணீர் பின்னாலேயே ஏறிவருவது அந்த வெறுப்பால்தான் என்று நம்பினார்கள். அப்படியானால் அந்த வெறுப்பு ஏன் பத்து மீட்டரோடு தீர்ந்துபோகிறது? இந்தக் கேள்விக்குக் கல்லூரிப் பண்டிதர்களிடம் பதில் இல்லை. ரோமாபுரியில் காஸ்பரோ பெர்ட்டி, பத்து மீட்டருக்கும் நீளமான ஈயக் குழாயைத் தம் வீட்டுச் சுவரோடு நிறுத்திச் சோதித்தபோதும் தண்ணீர் அதே உயரத்தில்தான் நின்றது.

பத்து மீட்டர்க் குழாயை மேசைமேல் வைத்துக்கொள்ள முடியாது. அதைச் சுருக்கியவர் டோரிசெல்லி. கலிலியோவின் கடைசி மூன்று மாதங்களில் அவர் வீட்டிலேயே தங்கியிருந்து உதவியவர். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே தண்ணீர் பத்து மீட்டர் நிற்கும் இடத்தில் பாதரசம் முக்கால் மீட்டர்தான் நிற்க வேண்டும். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் பொத்தி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள். கைவேலை செய்தவர் விவியானி என்ற இளைஞர். பாதரசம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றது. இதில் டோரிசெல்லி செய்த ஒரு காரியம் பலர் கண்ணில் படுவதில்லை. ஒரே குழாய் அல்ல, இரண்டு குழாய்கள் செய்துவைத்தார். ஒன்றின் உச்சியில் பெரிய கண்ணாடிக் குமிழ். மற்றொன்று வெறும் குழாய். மேலே உள்ள வெற்றிடம்தான் பாதரசத்தை இழுத்துப் பிடிக்கிறது என்றால், பெரிய வெற்றிடம் உள்ள குழாயில் பாதரசம் அதிகமாக ஏற வேண்டும். இரண்டிலும் ஒரே மட்டம். பிடித்து நிற்கும் சக்தி உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. 1644 ஜூன் 11ஆம் தேதி நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், நாம் காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம் என்ற கருத்தை எழுதிவிட்டு அவர் கணிதத்துக்குத் திரும்பிப் போனார்.

செய்தியைப் பிரான்சுக்குக் கொண்டுபோனவர் மெர்சென் என்ற துறவி. அறிவியல் இதழ்கள் இல்லாத காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் கடிதம் எழுதிக் கொண்டிருந்தவர். ரூவான் நகரில் இருந்த இளைஞர் பிளேஸ் பாஸ்கல் காதுக்கு அது எட்டியது. ரூவானில் நல்ல கண்ணாடித் தொழில் இருந்தது. மற்ற ஊர்களில் உடைந்துபோன குழாய்கள் அங்கே உடையாமல் கிடைத்தன. அறிவியல் வரலாற்றில் கண்ணாடி ஊதுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பங்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

பாஸ்கல் நல்ல வித்தைக்காரரும்கூட. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்க நிமிர்த்தினார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சிவப்பு ஒயின். நிமிர்த்துவதற்கு முன் கூட்டத்தைக் கேட்டார்: எது உயரமாக நிற்கும்? உச்சியில் இருப்பது வெற்றிடம் அல்ல, திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி என்று நம்பியவர்கள், ஒயினில் ஆவி அதிகம், ஆகவே ஒயின்தான் அதிகம் கீழே தள்ளப்படும் என்றார்கள். நிமிர்த்தியதும் ஒயின் தண்ணீரைவிடச் சற்று உயரமாகவே நின்றது. ஒயின் தண்ணீரைவிட லேசு. வெளிக்காற்று அதை இன்னும் கொஞ்சம் மேலே தாங்கும். எதிர்க்கட்சியின் வாயாலேயே முன்கூட்டி விடையை வாங்கிவைத்துக்கொண்டு பிறகு சோதனையைக் காட்டுவது எவ்வளவு நேர்த்தியான தந்திரம்!

ஆனால் இதுவும் முடிவான சான்று அல்ல. காற்றின் பாரம்தான் காரணம் என்றால், காற்று குறைவாக உள்ள உயரத்தில் பாதரசமும் இறங்கி நிற்க வேண்டும். இயற்கையின் வெறுப்புதான் காரணம் என்றால், மலையுச்சியில் இயற்கை கொஞ்சமாகவும் அடிவாரத்தில் நிறையவும் வெறுக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பாஸ்கலின் சொந்த ஊரான கிளெர்மோனுக்குப் பக்கத்தில் பூயி தே தோம் என்ற பழைய எரிமலை இருக்கிறது. உச்சி 1,465 மீட்டர். நம் கியா பார்மைவிடச் சற்றுத் தாழ்வு. பாஸ்கல் நோயாளி, இருந்தது பாரிஸில். கிளெர்மோனில் இருந்த அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்கு 1647 நவம்பரில் எழுதினார்: மாமா, எனக்காக ஏறிப் பாருங்கள் என்கிற தோரணையில். பெரியேவுக்கு வேலையும் மழையும் பனியும் ஒழிந்து நாள் கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று.

செப்டம்பர் 19 அன்று காலை எட்டு மணிக்கு மினிம் துறவிகளின் மடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். பாதிரியார்கள், நீதிமன்ற அதிகாரிகள், ஒரு மருத்துவர். மூன்று நாள் சுத்திகரித்த 16 ராத்தல் பாதரசத்தைப் பெரியே கொண்டுவந்திருந்தார். நம் கணக்கில் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே கனமுள்ள இரண்டு குழாய்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துப் பார்த்ததில் மட்டம் அச்சாக ஒன்றாக இருந்தது: இன்றைய அளவில் 71.2 சென்டிமீட்டர். ஒரு குழாயை அப்படியே நிறுத்திவிட்டு, ஷாஸ்தான் என்ற பாதிரியாரைக் கூப்பிட்டு, நாங்கள் வரும்வரை இது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் பெரியே. மற்றதோடு மலை ஏறினார்கள்.

உச்சியில் பாதரசம் 62.7 சென்டிமீட்டரில் நின்றது. எட்டரை சென்டிமீட்டர் குறைவு! கூட இருந்தவர்களுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. பெரியே உடனே கொண்டாடவில்லை. உச்சியில் இருந்த சிறிய கோயிலுக்குள், வெளியே திறந்தவெளியில், காற்றடிக்கும் பக்கம், மூடுபனி சூழ்ந்தபோது என்று இடம் மாற்றி மாற்றி ஐந்துமுறை செய்தார். அதே அளவு. இறங்கும் வழியில் நடு உயரத்தில் ஓர் இடத்தில் செய்தார், 67.7. மடத்துக்குத் திரும்பியதும் தம் குழாயை மறுபடி கவிழ்த்தார். காலையில் இருந்த அதே 71.2. பாதிரியார் ஷாஸ்தானிடம் கேட்டார்கள். வானம் அன்று நிலையில்லாமல், வெயிலும் மழையும் மூட்டமும் காற்றுமாக மாறிக்கொண்டே இருந்தும், குழாய் நாள் முழுவதும் அசையவில்லை என்றார் அவர்.

எனக்கு அன்றைய நாயகர் இந்த ஷாஸ்தான்தான். மலை ஏறியவர்களுக்காவது அதிசயம் காணக் கிடைத்தது. இவர் ஒன்றும் நடக்காததைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாட்சி இல்லையென்றால் பெரியேவின் எட்டரை சென்டிமீட்டரை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்: அன்றைக்கு வானிலை மாறியிருக்கும் என்று. வேறு எதுவும் மாறாதபோது உயரம் மட்டும் மாறியது என்று காட்ட, அடிவாரத்துக் குழாய் ஒன்றால்தான் முடியும். இன்றைக்கு மருந்துச் சோதனையில் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுகிறார்களே, அதன் மூதாதை அந்த மடத்துத் தோட்டத்தில் நின்ற கண்ணாடிக் குழாய்.

டோரிசெல்லி இதைக் காணவில்லை. முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே, 39 வயதில் இறந்துபோனார். மெர்சென் இறந்தது அதே செப்டம்பர் முதல் தேதி, பதினெட்டு நாள் இடைவெளி. வெற்றிடம் என்ற ஒன்றையே ஏற்காத தெகார்த், மலைச் சோதனையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று பின்னால் உரிமை கொண்டாடினார். உரிமைச் சண்டையும் நவீன அறிவியலோடு கூடவே பிறந்ததுதான் போலிருக்கிறது.

இனி முறுக்கு பாக்கெட்டுக்கு வருவோம். 1661இல் இங்கிலாந்தில் ஹென்றி பவர், ரிச்சர்ட் டவுன்லி என்ற இருவர் பெண்டில் என்ற குன்றில் ஏறினார்கள். உயரம் 557 மீட்டர்தான். பாதரசத்துக்கு மேலே கொஞ்சம் காற்றையும் குழாயில் அடைத்துக் கொண்டுபோனார்கள். ஏற ஏற வெளி அழுத்தம் குறைந்து, முறுக்கு பாக்கெட்டில் நடப்பதுபோலவே, அடைபட்ட காற்று விரிந்தது. அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் கன அளவு கூடுகிறது என்ற ஊகம் டவுன்லியுடையது. ராபர்ட் பாயில் 1662இல் தம் பாதரச அளவீடுகளை அச்சிட்டபோது அதை டவுன்லியின் ஊகம் என்றே குறிப்பிட்டார். பாடப் புத்தகங்கள் அதைப் பாயில் விதி ஆக்கிவிட்டன. பாயிலுக்குக் காற்றிறைக்கும் பம்பு செய்துகொடுத்த உதவியாளர் ராபர்ட் ஹூக். அவர் தனி அத்தியாயத்துக்கு உரியவர்.

கேமரன் மலையின் குளிரும் இதே கணக்கில் வருகிறது. மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமவெளியில் சூடான காற்று மலைச்சரிவில் ஏறும்போது, சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரியும்போது அக்கம்பக்கத்துக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத் தன் வெப்பத்திலிருந்துதான் செலவழிக்கிறது. ஈரக்காற்றுக்கு ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போல இறங்கும். தாப்பாவில் வியர்த்துக் கொட்டும் மதியத்தில் கியா பார்மில் சட்டைமேல் சட்டை தேடுவது இதனால்தான். 1929இல் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும், நம் ஆட்கள் கூடையோடு இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ள வந்ததும் இந்த ஆறு டிகிரிக் கணக்கை நம்பித்தான்.

கொதிக்கும் தண்ணீர் உயரத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை வெப்பமானி செய்த ஃபாரன்ஹைட் 1724இல் கருவியாகவே எழுதினார். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும் என்பது கைக்கணக்கு. இந்தக் கணக்கை மிகத் துணிச்சலாகப் பயன்படுத்தியவர் குமாவூன் மலைக்காரரான நைன் சிங். இந்திய நில அளவைத் துறை அவரை யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்கு அனுப்பியது. வெப்பமானியை ஊன்றுகோலுக்குள் ஒளித்து, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து நகரின் உயரத்தைக் கணக்கிட்டார். பார்த்தவர்களுக்கு ஒரு யாத்திரிகர் தேநீர் போடுகிறார், அவ்வளவுதான். 1885இல் வில்லியம் கேமரன் பஹாங் மலைகளை அளக்க வந்த காலத்திலும் மலைநில அளவையாளர்களுக்கு உயரம் சொன்னவை கொதிநிலை வெப்பமானியும், பாதரசம் இல்லாத டப்பி பாரமானியும்தான். கேமரன் கண்ட மேட்டுநிலம் வரைபடத்தில் சரியாகப் பதிவாகாமல், ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்த 1925 வரை பேச்சளவிலேயே கிடந்தது வேறு கதை.

சமையலறையிலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. 1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்த டார்வின், இரவெல்லாம் அடுப்பில் கிடந்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருடைய துணையாட்கள் புதுப் பானைமேல் பழியைப் போட்டார்களாம். அதற்கான மருந்தை டெனிஸ் பாப்பான் 1679லேயே கண்டுபிடித்துவிட்டார். பாயிலிடம் வேலை பார்த்தவர். இறுக்க மூடிய பாத்திரத்துக்குள் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினார். வெடிக்காமல் இருக்க எடைபோட்ட ஒரு வால்வும் வைத்தார். 1682இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்து போட்டபோது எலும்புகூட மென்மையாக வெந்திருந்தது. நம் வீட்டுக் குக்கர் அதன் வாரிசு. கடலோரத்தில் குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிப் போகும். கியா பார்மில் 118 போல. திறந்த பானையில் ஐந்து டிகிரிக்கு மேல் இழக்கிற இடத்தில், குக்கர் அதில் பாதியை மீட்டுக் கொடுத்துவிடுகிறது. மலையில் குடியிருக்கிறவர்கள் பருப்பையும் கடலையையும் குக்கரிலேயே போடுவது சோம்பலால் அல்ல.

கடைசியாக, கிளெர்மோனில் இல்லாத ஒரு சிக்கல் நம் மலையில் உண்டு. கியா பார்ம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் பாரமானி நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்குக்குத் தாழ்வு. இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நான்குக்குத் தாழ்வு. சூரிய வெப்பம் மேல்வளிமண்டலத்து ஓசோனையும் நீராவியையும் சூடாக்கிக் காற்றுமண்டலம் முழுவதிலும் எழுப்பும் அலை இது. தென் அமெரிக்காவில் 1799 முதல் சுற்றிய ஹம்போல்ட், இந்த ஒழுங்கைப் பார்த்துப் பாரமானியைக் கொண்டே மணி சொல்லிவிடலாம் என்றார். இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுதான். உயரக் கணக்கில் அது ஏறக்குறைய முப்பது மீட்டர். காலை பத்துக்குத் தாப்பாவில் அளந்துவிட்டு, வழியில் சாப்பிட்டு, மாலை நான்குக்குக் கியா பார்மில் அளப்பவர் மலையை முப்பது மீட்டர் உயர்த்திக் கணக்கிடுவார். அடிவாரத்தில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழிய அது பிழை என்றே அவருக்குத் தெரியாது.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். பாதரசம் வேண்டாம், அதன் ஆவி நஞ்சு, பெரியே காலத்தில் அது தெரியாமல் கையில் அள்ளினார்கள். கைபேசிகள் பலவற்றில் இப்போது காற்றழுத்தமானி உள்ளேயே இருக்கிறது. அதைக் காட்டும் செயலியை இறக்கிக்கொண்டால் போதும். அப்படிப்பட்ட இரண்டு கைபேசிகளைத் தாப்பாவில் ஒரே மேசையில் வைத்து, இரண்டும் காட்டும் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் இரண்டும் 1,005 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஒன்றை வீட்டில் பொறுமைசாலி ஒருவரிடம் கொடுத்து அரைமணிக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி இருந்தால் நல்லது. மற்றதோடு நீங்கள் மலையேறி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம் என்று நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். மேலே 840ஐ ஒட்டி வரும். திரும்பியதும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மணியை எழுத மறக்க வேண்டாம் என்று வீட்டில் இருப்பவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். மணி இல்லாத எண் இந்தக் கணக்குக்கு உதவாது.